அந்தக் கடிதத்தைத் தமிழிலும் எழுதுங்கள்

பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், மாணவர் ஒழுக்காற்று விசாரணைக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள், நிர்வாக அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் தொழில் செய்யும் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் முன்பக்கத்தில் என் மேசை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு, வெளிநாடு போகிறவர்களின் பொலிஸ் அறிக்கை, இவைதான் என் அன்றாட வேலை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி, முத்திரை குத்திக் கொடுப்பேன். சில வருடங்களாக இந்த மேசைக்கு வேறொரு வகைக் கடிதமும் வருகிறது. உங்கள் கையெழுத்தோடு, பதிவுத் தபாலில் வருகிற கடிதம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாரியில் ஒரு நாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் ஊர் மான்கள் இரண்டு கடை வாசலில் ஒதுங்கி நின்றன. மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாயின் கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இரண்டு நீளக் கடித உறைகள். மழையில் நனையாமல் அத்தனை பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மகன் வேறு மாகாணத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை.

“ஐயா, இதில என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கு விளங்கச் சொல்லுங்கோ. இவன் ஒண்டும் சொல்றான் இல்லை” என்றார் தாய்.

முதல் கடிதத்தை எடுத்தேன். ஒன்றரைப் பக்க ஆங்கிலம். இன்ன திகதியில் விடுதி வளாகத்தில் மாணவருக்குத் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது, இது பல்கலைக்கழகத்தின் ஒழுக்கத் துணைவிதியின் இன்ன இன்ன பிரிவுகளை மீறும் செயல், உங்களுக்கு எதிராக ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு 7 நாட்களுக்குள் காரணம் காட்டுக. அவ்வளவுதான். இரண்டு தரம் வாசித்தேன். பையன் என்ன செய்தான் என்று அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அடித்தானா, ஏசினானா, கதவை உடைத்தானா, யாருக்கு, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, எதுவும் இல்லை. துணைவிதியின் பிரதியும் இணைக்கப்படவில்லை. கடிதத்தில் இருந்த திகதிக்கும் தபால் முத்திரைக்கும் இடையிலேயே 4 நாட்கள் போயிருந்தன. வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதத்தைத் தாய் போனில் படம் பிடித்து அனுப்பி, விடுதியில் இருந்த பையன் அதைப் பார்த்தபோது பதில் கொடுக்க ஒரேயொரு நாள்தான் மிச்சம்.

“காரணம் காட்டுக எண்டால் என்ன ஐயா? எதைக் காட்ட வேணும்?” என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் ‘ஷோ கோஸ்’ என்று எழுதுவதை அரச தமிழில் அப்படித்தான் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். என் தொழிலின் குறையும் அதில் இருக்கிறது. “உங்கட பக்க நியாயத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறாங்கள் தங்கச்சி” என்று சொன்னேன்.

“தம்பி, நீ பதில் எழுதினாயா?” என்று பையனைக் கேட்டேன். எழுதியிருந்தான். நல்ல காலம், அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அறை நண்பன் ஒருவனின் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதிய நாலு வரி. நடந்ததற்கு மிகவும் மனம் வருந்துகிறேன். தயவுசெய்து என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இனி இப்படி நடக்காது. என் குடும்பம் வறிய குடும்பம்.

பிறகு இரண்டாவது உறையைத் திறந்தேன். உங்கள் பதிலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளீர்கள் என்பதால் மேலதிக விசாரணை அவசியமில்லை எனக் குழு தீர்மானித்துள்ளது என்று அதில் இருந்தது. ஒரு வருட வகுப்புத் தடை. விடுதியை உடனே விட வேண்டும். வளாகத்துக்குள் நுழையக் கூடாது.

அவன் செய்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. விடுதி நடைபாதையில் முதலாம் வருடப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துச் சிலர் கத்திக்கொண்டிருந்தார்கள், தான் குளித்துவிட்டு அந்தப் பக்கமாக வந்தபோது காவலர் எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டார் என்று சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. நாலு வரி மன்னிப்பு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

மன்னிப்புக் கடிதம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாடசாலையில் பிந்தி வந்தால் மன்னிப்புக் கடிதம். கொப்பி மறந்தால் மன்னிப்புக் கடிதம். பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள், யார் என்று தெரியவில்லை, அப்படியானால் பின்வாங்கில் இருந்த ஐந்து பேரும் மன்னிப்புக் கடிதம் எழுதி அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன், என் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். “நான் செய்யவில்லை சேர்” என்று சொன்ன பிள்ளைக்கு “எதிர்த்துக் கதைக்கிறாயா?” என்று இன்னொரு அடி விழும். பதின்மூன்று வருடம் இப்படிப் பழக்கிய பிள்ளைக்குப் பெரியவர்களிடமிருந்து கோபமாக ஒரு கடிதம் வந்தால் என்ன செய்யும்? மன்னிப்புக் கேட்கும். அது அதற்குத் தெரிந்த மரியாதை. செய்தேன் என்று அதற்கு அர்த்தமே இல்லை. தமிழில் ‘மன்னிக்க வேண்டும்’ என்ற சொல்லை ஒருவரின் காலைத் தெரியாமல் மிதித்துவிட்டாலும் சொல்கிறோம், ஒரு பெரியவரோடு கருத்து வேறுபடுவதற்கு முன்னாலும் சொல்கிறோம். அதை ஆங்கிலத்தில் போட்டவுடன் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. முப்பது வருடமாக இந்த இரண்டு மொழிக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நாலு வரியை வைத்து ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தைப் பறிப்பது பெரிய அநியாயம்.

பகிடிவதையை, அதாவது புது மாணவர்களை மூத்த மாணவர்கள் துன்புறுத்துவதை, நான் சின்ன விஷயமாக நினைக்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்த செய்தி வந்தபோது இங்கே எத்தனையோ வீடுகளில் பெற்றோர் பயந்துபோனார்கள். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பலாமா என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடும் காயமோ ஏற்படுத்தினால் 10 வருடம் வரை. அந்தச் சட்டம் வேண்டும். செய்தவனுக்குத் தண்டனை வேண்டும்.

அதனால்தான் விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும் என்கிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளை ஒன்று தைரியமாக முன்வந்து முறைப்பாடு கொடுக்கிறது. நீங்கள் அவசரமாக, குற்றத்தைச் சரியாக எழுதாமல், எதிராளியின் பேச்சைக் கேட்காமல் தண்டனை கொடுக்கிறீர்கள். எதிராளி வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தால் சட்டத்தரணியைப் பிடித்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவான். இயற்கை நீதி, அதாவது ஒருவரின் பேச்சைக் கேட்காமல் அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி, மீறப்பட்டது என்று நீதிமன்றம் உங்கள் தீர்மானத்தை ரத்துச் செய்யும். அவன் திரும்பவும் அதே விடுதிக்கு, அதே நடைபாதைக்கு வருவான். முறைப்பாடு கொடுத்த பிள்ளை அங்கேதான் இருக்கும். ஆனால் மூதூர்ப் பையனைப் போன்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போகமாட்டார்கள். ஒரு வருடத்தை வீட்டில் கழிப்பார்கள், அல்லது படிப்பை விட்டுவிட்டு கட்டாருக்குப் போவார்கள். ஒழுங்கில்லாத விசாரணையில் தப்புகிறவன் யார், மாட்டுகிறவன் யார் என்று பாருங்கள்.

இனி மொழி விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் போதனா மொழி ஆங்கிலம், அதனால் கடிதமும் ஆங்கிலத்தில்தான் வரும் என்று ஒரு நிர்வாக அலுவலர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அது சரியில்லை.

1987-இல் வந்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. 1988-இல் வந்த 16-ஆவது திருத்தம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற இடத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம், தமிழிலேயே பதில் பெறலாம். சட்டத்தால் உருவாக்கப்பட்ட நிறுவனங்களும் அரச நிறுவனம் என்ற சொல்லுக்குள் அடங்கும். உங்கள் பல்கலைக்கழகங்கள் 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குபவை. உயர்கல்வி நிறுவனங்களில் வேறு மொழியில் கற்பிப்பதற்கு அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது, உண்மை. அது கற்பிப்பதற்கு. வகுப்புத் தடைக் கடிதம் பாடம் இல்லை.

“இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாதா?” என்றும் அந்த அலுவலர் கேட்டார். இரசாயனவியல் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிற பிள்ளைக்கு உங்கள் கடிதத்தின் ஆங்கிலம் விளங்காது. அது வழக்கறிஞர் ஆங்கிலம். எனக்கே சில சொற்களுக்கு அகராதி புரட்ட வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16-இல் ஒன்று. எங்கள் பாடசாலைகளில் வசதி குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டு, வெட்டுப்புள்ளியில் இடம் விட்டு, பிள்ளையை உள்ளே எடுக்கிறது. ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் ஆங்கில ஆசிரியர் இல்லாமல் படித்து வந்த பிள்ளை அது. உள்ளே எடுத்த பிறகு, அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற ஒரேயொரு கடிதத்தை மட்டும் கொழும்பில் படித்த பிள்ளைக்கு எழுதுவதுபோல எழுதினால் எப்படி?

ஒரு பொலிஸ் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, பொலிஸார் ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிந்தால் அதை அவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும். அவர் திருத்தலாம், மேலதிகமாகவும் சொல்லலாம். சைக்கிள் களவில் சந்தேகத்துக்குரியவனுக்குக் கிடைக்கிற உரிமை இது. ஆனால் பூர்வாங்க விசாரணை என்று கூப்பிட்டு, பிள்ளை தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் சொன்னதை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, “சைன் பண்ணு” என்று நீட்டியதாக என் மேசைக்கு வந்த பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது. பிரதி தந்தார்களா என்றால் இல்லை. சரி, ஏன் கையெழுத்து வைத்தாய் என்றால், “சேர் வைக்கச் சொன்னவர்” என்கிறார்கள்.

சட்டம் படித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் எதிர் பெர்னாண்டோ என்ற வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1952-இல் நடந்த பரீட்சையில் வந்த ஒரு ஜேர்மன் மொழிப் பந்தியை மாணவர் ஒருவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணைக் குழு முக்கிய சாட்சியான சக மாணவியின் சாட்சியத்தை அந்த மாணவர் இல்லாத நேரத்தில் எடுத்தது. முடிவில் பரீட்சை எழுதக் காலவரையறையற்ற தடை. வழக்கு எங்கள் உயர் நீதிமன்றம் வரை போய் அங்கே மாணவர் வென்றார். அப்போது எங்கள் நாட்டுக்குக் கடைசி மேன்முறையீடு லண்டன் பிரிவிக் கவுன்சில். 1960-இல் அங்கே பல்கலைக்கழகம் வென்றது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றைப் பாருங்கள்: அந்தச் சாட்சியைக் கேள்வி கேட்க அனுமதிக்கும்படி மாணவர் கேட்கவே இல்லை. கேட்டு மறுத்திருந்தால் அது வேறு விஷயமாகியிருக்கும்.

இந்த வழக்கை நான் முதலில் வாசித்தபோது மூன்று நாள் மனதுக்குள் உழன்றுகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். ஆனால் கேட்கலாம் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பேராசிரியர்கள் ஐந்து பேர் வரிசையாக இருக்கும் அறையில், சாட்சியைக் கூப்பிடுங்கள், நான் கேள்வி கேட்கவேண்டும் என்று இருபது வயதுப் பிள்ளை சொல்லுமா? நான் மேலே சொன்ன பாடசாலைப் பழக்கத்தோடு வந்த பிள்ளை சொல்லவே சொல்லாது. கேட்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, பேரவைத் தீர்மானமும் தேவையில்லை. முதல் கடிதத்தில் நாலு வரி கூட எழுதினால் போதும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லுவதை இங்கே அப்படியே எழுதுகிறேன். நீங்களே அதைக் கடிதத்தில் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது.

கடித உறையை எறியாதே, தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது என்பேன். உடனே மன்னிப்புக் கேட்காதே, முதலில் கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுது என்பேன். அதே கடிதத்தில், என்மேல் சொல்லப்படும் குற்றம் என்ன, எந்த நாள், எந்த இடம், யார் முறைப்பாடு செய்தது என்பதைத் தெரிவியுங்கள் என்று கேள். துணைவிதியின் பிரதி கேள். உனக்கு எதிராக இருக்கும் ஆவணங்களையும், நீ கையெழுத்து வைத்த வாக்குமூலத்தின் பிரதியையும் கேள். பதிலுக்குக் கூடுதல் அவகாசம் கேள். தமிழில் எழுது, தமிழில் பதில் கேள். உனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயரைக் கொடு. விசாரணைக்கு ஒரு மாணவர் ஆலோசகரையோ நம்பிக்கையான விரிவுரையாளரையோ கூட்டிப்போக அனுமதி கேள். மறுத்தால் மறுத்ததை எழுத்தில் கேள். எல்லாவற்றையும் பிரதி எடுத்து வை. தர மறுத்தால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, உன் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்கு எழுது. அவர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும்.

அப்புறம், செய்திருந்தால் செய்தேன் என்று சொல் என்பேன். இதையும் கட்டாயம் சொல்லுவேன். போன வருடம் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பையன், உம்மா பக்கத்தில் இருக்கும்போதே, “நான் ஒருத்தனுக்கு அறைஞ்சன்” என்று சொன்னான். உம்மா அழுதார். என்ன செய்தான், ஏன் செய்தான், யாருக்குச் செய்தான், அதன்பிறகு அவனிடம் போய் என்ன சொன்னான் என்று ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதினான். நான் மொழிபெயர்த்தேன். அவனுக்கு மூன்று மாதத் தடை கிடைத்தது. “சரிதான் சேர், எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று அவனுக்கு விளங்கியது. இரண்டு பையன்களும் மன்னிப்புக் கேட்டவர்கள்தான். ஒருவனுக்கு எதற்காகக் கேட்கிறான் என்று தெரியும், மற்றவனுக்குத் தெரியாது.

ஆகவே ஒரு பிள்ளையின் பதிலில் மன்னிப்பு என்ற சொல் இருந்தால், தயவுசெய்து கூப்பிட்டுக் கேளுங்கள். எதற்காக மன்னிப்புக் கேட்கிறாய், நீ என்ன செய்தாய் என்று அதன் மொழியில் ஒரு கேள்வி. பத்து நிமிடம் போதும். பதில் அவகாசத்தைக் கடிதம் எழுதிய நாளிலிருந்து கணக்கிடாமல் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு விடுதியிலேயே கொடுங்கள், வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தீர்மானக் கடிதத்தில் காரணத்தை எழுதுங்கள், மேன்முறையீட்டை யாருக்கு, எத்தனை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். என் மேசைக்கு வந்த தீர்மானக் கடிதங்களில் பலவற்றில் அது இருக்கவில்லை.

மேன்முறையீடு எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். மாகாண மேல் நீதிமன்றம் எங்கள் நகரத்திலேயே இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எதிரான எழுத்தாணை மனுவை, அதாவது தீர்மானத்தை ரத்துச் செய்யக் கேட்கும் மனுவை, அங்கே போட முடியாது, கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம், அதுவும் ஒரு மாதத்துக்குள். இரவு ரயிலில் ஏறி, விடிய கொழும்புக் கோட்டையில் இறங்கி, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய், சட்டத்தரணியைக் கண்டு, அடுத்த நாள் திரும்பி வர ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகும்? சட்டத்தரணியின் கட்டணத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. திருகோணமலையில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. இதை நான் சொல்லும்வரை என்னிடம் வந்த ஒரு பெற்றோருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடிதம் விளங்கி, ஆளைப் பிடித்து, பணம் புரட்டி முடிப்பதற்குள் மாதம் கடந்துவிடும். அதனால்தான் உங்கள் அறையில் நடக்கும் அந்த விசாரணை அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதலும் கடைசியுமான நீதிமன்றம்.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்காக மட்டும் எழுதும் மடலும் அல்ல. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அநுராதபுரத்திலிருந்தும் மொனராகலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து அங்கே படிக்கிறார்கள். மாலையில் கடற்கரைப் பக்கம் கூட்டமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு நாளைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இப்படியொரு கடிதம் போனாலும் அது சிங்களத்திலும் இருக்க வேண்டும். கிராமத்தில் இருக்கும் அந்தத் தாயும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப்போல் ஒருவனைத் தேடி அலையக்கூடாது. எனக்கு வருமானம் குறைந்தால் குறையட்டும். காணி உறுதிகள் போதும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற பதில் வரும். பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது, சிங்களத் துறை இருக்கிறது, மொழிபெயர்ப்புக் கற்கைநெறிகளும் சில இடங்களில் இருக்கின்றன. ஒரு நல்ல மாதிரிக் கடிதத்தை மூன்று மொழியிலும் ஒரு தரம் தயாரித்து வைத்தால், பிறகு ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியது அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று சொல்லும் ஒரு பந்தி மட்டும்தான். அந்த ஒரு பந்திதான் இப்போது கடிதங்களில் இல்லாமல் இருக்கிறது.

மூதூர்ப் பையனின் மேன்முறையீட்டை நாங்கள் அனுப்பிவிட்டோம். என் மேசையில் இருந்துதான் எழுதினான். தாய் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். முதல் வரியிலேயே “மன்னிக்கவும்” என்று தொடங்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தான், பிறகு அதை வெட்டிவிட்டு, “அன்றிரவு 9 மணியளவில் நான் குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன்” என்று எழுதினான். மொத்தம் மூன்று பக்கம். யார் யார் அங்கே நின்றார்கள், யார் தன்னைக் கண்டார்கள், காவலரிடம் தான் என்ன சொன்னான், எல்லாம் இருக்கிறது. பகிடிவதைக்குள்ளான பிள்ளைகளையே கூப்பிட்டுத் தன்னைக் கண்டார்களா என்று கேட்கும்படியும் எழுதியிருக்கிறான். என் ஆங்கில மொழிபெயர்ப்பு பின்னால் இணைக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறது.

உங்களில் ஒருவரின் மேசையில் அது இப்போது இருக்கும். அவனுடைய தமிழைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவனைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
திருகோணமலை.